கேமரா பழசாகும்... படம் நிற்க வேண்டும்!

கேமரா வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதுதான். கடைக்காரரும் அதற்குப் பதிலோடு தயாராக இருப்பார். 24, 33, 45 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். கடைசியில் போனஸ் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு பெட்டி வீட்டுக்கு வரும். முதல் மாதம் தினமும் வெளியே வரும் அந்தக் கேமரா, ஆறாவது மாதம் பீரோவுக்குள் போய்விடும். எடுத்த படங்களோ பாதி மெமரி கார்டிலும் பாதி பழைய லேப்டாப்பிலும் கிடக்கும்.

இதற்குக் காரணம் கேமரா அல்ல. பணத்தையும் யோசனையையும் செலவழித்த வரிசைதான்.

கேமராவின் உடல் பகுதி, அதாவது 'பாடி', நான்கைந்து வருடங்களில் பழைய மாடலாகிவிடும். நல்ல லென்ஸ் இருபது வருடம் தாண்டியும் உழைக்கும். எடுத்த படமோ பேரன் பேத்தி காலம்வரை இருக்க வேண்டியது. ஆனால், நம்மில் பலர் அதிகப் பணத்தைப் பாடியில் போடுகிறோம். மிச்சத்தில் லென்ஸ் வாங்குகிறோம். படத்தைப் பத்திரப்படுத்த ஒரு ரூபாய்கூட ஒதுக்குவதில்லை. இந்த வரிசையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால், அதே பட்ஜெட்டில் நல்ல படங்களும் கிடைக்கும். அவை தொலையாமலும் இருக்கும்.

முதல் கேள்வி: எதை எடுக்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் போனில் இருக்கும் கடைசி 200 படங்களைப் புரட்டிப் பாருங்கள். குழந்தைகளா, கோயிலா, சாப்பாடா, பறவையா, பயணமா? அதில் எதை போன் சரியாக எடுக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய கேமரா எது என்பதற்கான பாதி பதில் அங்கேயே இருக்கிறது.

பகல் வெளிச்சத்தில் நிற்கும் மனிதர்கள், சாப்பாட்டுத் தட்டு, மலையும் அருவியும் என்றால் இன்றைய நல்ல போனே போதும். தனி கேமரா தேவைப்படுவது மூன்று இடங்களில். ஒன்று, வெளிச்சம் குறைந்த இடம்: விளக்கொளியில் கோயில் பிராகாரம், சாயங்காலம் வீட்டுக் கூடம். இரண்டு, ஓடுவதும் பறப்பதும்: பள்ளி விளையாட்டு விழா, தேரோட்டம், பறவைகள். மூன்று, தூரம்: வேடந்தாங்கலில் கரையில் நின்றபடி ஏரிக்குள் இருக்கும் மரத்தில் கூடு கட்டும் நாரையை எடுப்பது.

இந்த மூன்றில் உங்களுடையது எது என்று தெரிந்துவிட்டால், கடைக்காரர் கேட்பதற்கு முன் நீங்கள் கேள்வி கேட்கலாம்.

மெகாபிக்சல்: ஒரு சின்னக் கணக்கு

1975-ல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா, 100-க்கு 100, அதாவது வெறும் 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் எடுத்தது. அதைக் கேசட்டில் பதிவு செய்ய 23 விநாடிகள் ஆயின. அங்கிருந்து பார்த்தால், இன்று ஆரம்ப நிலை கேமராவிலேயே கிடைக்கும் 24 மெகாபிக்சல், அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள், மலைப்பான எண்தான்.

நமக்கு எவ்வளவு தேவை? நல்ல தரத்தில் பிரின்ட் போட ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். ஆல்பத்தில் செருகும் 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலைக் கொஞ்சம் தாண்டினால் போதும். 8-க்கு 12 அங்குலத்துக்கு சுமார் 8.6. கூடத்தில் மாட்டும் 12-க்கு 18 அங்குலப் படத்துக்கு சுமார் 19.4. வீட்டில் இருக்கும் 4கே டி.வி. திரையின் மொத்தப் புள்ளிகளே சுமார் 8.3 மெகாபிக்சல்தான். ஆக, 24 மெகாபிக்சல் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். அதற்கு மேல் தேவைப்படுவது, தூரத்துப் பறவையை வெட்டிப் பெரிதாக்குபவர்களுக்கும் விளம்பரப் பதாகை அச்சிடுபவர்களுக்கும்தான்.

புள்ளிகளின் எண்ணிக்கையைவிட, அவை உட்காரும் இடத்தின் அளவு முக்கியம். அதுதான் சென்சார். 'ஃபுல் ஃபிரேம்' சென்சார் பழைய ஃபிலிமின் அளவு: 36-க்கு 24 மில்லிமீட்டர். அதற்கு அடுத்த 'ஏ.பி.எஸ்.-சி' ரகம் சுமார் 23.5-க்கு 15.6; கேனனில் இன்னும் சற்றுச் சிறியது. 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்' 17.3-க்கு 13. பெரும்பாலான போன்களின் சென்சார் இவற்றைவிட மிகச் சிறியது. மழை பெய்யும்போது சொம்பை வைத்தால் பிடிபடும் தண்ணீரைவிட அண்டாவில் அதிகம் பிடிபடும் அல்லவா? சென்சாரும் ஒளியும் அப்படித்தான். பொழுதுபோக்காக எடுப்பவருக்கு ஏ.பி.எஸ்.-சி ரகம் விலை, எடை, தரம் மூன்றுக்கும் நடுவே நிற்கும் நல்ல தேர்வு.

டி.எஸ்.எல்.ஆரா, மிரர்லெஸ்ஸா?

டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு கண்ணாடி உண்டு. லென்ஸில் வரும் காட்சியை அது மேலே திருப்பி உங்கள் கண்ணுக்குக் காட்டும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. சென்சார் பார்ப்பதையே சின்னத் திரையில் காட்டிவிடும். படம் இருட்டாக வருமா, வெளிறிப்போகுமா என்பது கிளிக் செய்யும் முன்பே தெரியும் என்பதால் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இது பெரிய உதவி. பேட்டரி மட்டும் பொதுவாகச் சீக்கிரம் தீரும். கேனனும் நிகானும் 2018-ல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்களுக்காகப் புதிய லென்ஸ் மவுன்ட்டுகளைக் கொண்டுவந்தன. அதன் பிறகு புதிய லென்ஸ்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வருகின்றன.

அதனால், புதிதாக வாங்குகிறவர்கள் மிரர்லெஸ் வாங்குவது நல்லது. பட்ஜெட் குறைவு என்றால் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் மோசமில்லை. பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டதால், நல்ல நிலையில் இருக்கும் பாடிகளும் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கை. லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால் சிலந்தி வலை போல் பூஞ்சை தெரிகிறதா. கடை பில் இருக்கிறதா. வெள்ளைச் சுவரைச் சிறிய துவாரத்தில் (எஃப்/16) படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரில் இருக்கும் தூசும் காட்டிக்கொடுத்துவிடும்.

மாமாவிடம் பழைய நிகான் லென்ஸ் இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிகானின் 3000, 5000 வரிசை டி.எஸ்.எல்.ஆர். பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை அதில் மாட்டினால் படம் எடுக்கலாம். ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

பணத்தை லென்ஸில் போடுங்கள்

கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 'கிட் லென்ஸ்' கற்றுக்கொள்ள நல்லது. ஆனால், அதை முழுக்க ஜூம் செய்தால் அதன் துவாரம் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப்/1.8 வரை திறக்கும் லென்ஸ் அதைப்போல் சுமார் 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? கிட் லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 6400 வைத்து, புள்ளி புள்ளியாக வரும் அதே கூடத்துப் படத்தை, இந்த லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 640-ல் சுத்தமாக எடுத்துவிடலாம். இரண்டு மடங்கு விலையுள்ள பாடியாலும் சுலபமாகத் தர முடியாத வித்தியாசம் இது.

50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் பல நிறுவனங்களிலும் விலை குறைந்தவற்றில் ஒன்று. ஏ.பி.எஸ்.-சி கேமராவில் அது 75 அல்லது 80 மி.மீ. போலச் செயல்படும். முகங்களை எடுக்க அருமை. ஆனால், நம் வீட்டு அறைகளில் பின்னால் போகப் போகச் சுவர் முதுகில் இடிக்கும். வீட்டுக்குள் எடுப்பதே அதிகம் என்றால் 35 மி.மீ. வசதி. பறவைக்கும் விளையாட்டுக்கும் 70-300 போன்ற ஜூம். அதன் 300 முனை ஏ.பி.எஸ்.-சி-யில் 450 அல்லது 480 மி.மீ. போல எட்டிப் பார்க்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். எஃப்/1.8-ல் பின்னணி அழகாக மங்கும். அதே அமைப்பில் மூன்று வரிசை குரூப் போட்டோ எடுத்தால் முன் வரிசை தெளிவாகவும் பின்னால் நிற்கும் பெரியப்பா மங்கலாகவும் வருவார். குரூப் படத்துக்கு எஃப்/5.6 அல்லது எஃப்/8-தான் சரி.

ஜேபெக் இட்லி, ரா மாவு

கேமராவின் மெனுவில் பலர் தொடாமலே விட்டுவிடும் ஒரு இடம், 'இமேஜ் குவாலிட்டி'. ஜேபெக் வேண்டுமா, ரா வேண்டுமா என்று அங்கேதான் கேட்கும்.

ரா என்பது சென்சார் பார்த்ததை அப்படியே எழுதிவைத்த ஃபைல். அரைத்து வைத்த மாவு மாதிரி. அதில் இட்லியும் ஊற்றலாம், தோசையும் வார்க்கலாம். ஜேபெக் என்பது நிறம், வெளிச்சம், கூர்மை எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்து வேகவைத்துக் கொடுத்த இட்லி. சுடச்சுடச் சாப்பிட அதுதான் வசதி. ஆனால், இட்லி ஆன பிறகு அதைத் தோசையாக்க முடியாது. அதிகபட்சம் உதிர்த்து உப்புமா கிளறலாம்.

எண்ணில் சொன்னால், ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளை வைத்துக்கொள்கிறது. 12 பிட் ராவில் அது 4,096. 14 பிட்டில் 16,384. வெயிலில் நிற்கும் தாத்தாவின் வெள்ளை வேட்டி வெளிறிப்போனாலும், குத்துவிளக்கு வெளிச்சத்தில் எல்லார் முகமும் ஆரஞ்சு நிறமாக வந்தாலும், ராவில் திருத்த இடம் இருக்கும். ஜேபெக்கில் அந்த இடம் குறைவு. அதற்காக ரா மந்திரக்கோல் இல்லை. அடியோடு வெளுத்துப்போன இடத்தை எந்த ஃபைலாலும் மீட்க முடியாது. ஃபோகஸ் தவறினாலும், கை ஆடினாலும் அப்படியே.

ராவுக்கு விலையும் உண்டு. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ஜேபெக் சுமார் 10 எம்.பி. என்றால், சுருக்கிய ரா 25 முதல் 30 எம்.பி. பிடிக்கும். தொடர்ச்சியாக கிளிக் செய்தால் கேமரா சீக்கிரம் மூச்சு வாங்கும். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் திறந்து பதப்படுத்த வேண்டும். அதற்கு காசு கட்டித்தான் சாஃப்ட்வேர் வாங்க வேண்டும் என்பதில்லை. டார்க்டேபிள், ராதெரபி ஆகியவை இலவசம். கேனன், நிகான் நிறுவனங்களும் தங்கள் கேமராக்களுக்கான சாஃப்ட்வேரை இலவசமாகவே தருகின்றன.

'ரா எடுப்பவர்தான் உண்மையான போட்டோகிராபர்' என்ற பேச்சைக் கண்டுகொள்ள வேண்டாம். 2015-ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களிடம், ராவிலிருந்து தயாரித்த படங்களை அனுப்ப வேண்டாம், கேமராவில் ஜேபெக்காகவே எடுத்ததை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டது. வேகமும் உள்ளதை உள்ளபடி காட்டுவதும் அங்கே முக்கியம். 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' போன்ற போட்டிகளிலோ, இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களில் ஒட்டு வேலை இருக்கிறதா என்று சோதிக்க, கேமராவில் பதிவான மூல ஃபைலைக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் இடம் உண்டு.

வீட்டுக்கு ஏற்ற வழி இது. பள்ளி விளையாட்டு விழா, பிறந்தநாள், சுற்றுலா ஆகியவற்றுக்கு உயர்தர ஜேபெக் போதும். திரும்ப எடுக்க முடியாத தருணங்களுக்கு, அதாவது காதுகுத்து, சதாபிஷேகம், பாட்டியைத் தனியாக உட்காரவைத்து எடுக்கும் படம் போன்றவற்றுக்கு, 'ரா + ஜேபெக்' என்று இரண்டையும் சேர்த்துப் பதியுங்கள். ஜேபெக்கை அன்றைக்கே உறவினர்களுக்கு அனுப்பலாம். ரா, அந்தக் கால நெகட்டிவ் மாதிரி பத்திரமாக இருக்கட்டும்.

ஜேபெக் பற்றி ஒரு பயத்தையும் இங்கே போக்கிவிடலாம். ஜேபெக்கைத் திறந்து பார்ப்பதாலோ, வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்வதாலோ தரம் குறையாது. திருத்தி, மறுபடி மறுபடி 'சேவ்' செய்யும்போதுதான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரையும். மூலத்தைத் தொடாமல், காப்பியில் திருத்தினால் பிரச்னை இல்லை.

ஹெய்க், டிஃப், வாட்ஸ்அப்

ஐபோன்களில் 2017 முதல் வரும் 'ஹெய்க்' வகை, ஜேபெக்கைவிடக் குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தரக்கூடியது. ஆனால், எல்லா பிரின்ட் கடைகளிலும் பழைய கம்ப்யூட்டர்களிலும் அது திறக்காது. கொடுக்கும் முன் ஜேபெக்காக மாற்றிக்கொள்ளுங்கள். 'டிஃப்' தரம் குறையாமல் சேமிக்கும். இடம் அதிகம் பிடிக்கும். பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து வைப்பதற்கு ஏற்றது. ரா ஃபைல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி. அதற்குப் பொதுவான வடிவமாக அடோபி 2004-ல் 'டி.என்.ஜி.'யைக் கொண்டுவந்தது. 'டிஜிட்டல் நெகட்டிவ்' என்பதன் சுருக்கம் அது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே போய்ச் சேரும். கல்யாணப் படத்தை அண்ணியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாங்கிப் பெரிதாக பிரின்ட் போட்டு ஏமாறுவது இதனால்தான். 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொன்னால் மூல ஃபைல் அப்படியே வரும்.

படத்துக்கும் ஒரு பட்ஜெட்

ரா + ஜேபெக் சேர்த்து ஒரு படத்துக்கு 40 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், 64 ஜி.பி. கார்டில் சுமார் 1,600 படங்கள் அடங்கும். வருடத்துக்கு 5,000 படம் எடுப்பவருக்கு 200 ஜி.பி. தேவை. 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஐந்து வருடம் வரும். ஆனால், ஒரு டிஸ்க் போதாது. எந்த ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் நின்றுபோகும். எந்த நாள் என்பதைச் சொல்லிவிட்டுப் போகாது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்திய 3-2-1 விதி இதற்கு எளிய வழி. ஒவ்வொரு படத்துக்கும் 3 பிரதிகள். அவை 2 வேறு வகைச் சாதனங்களில். அதில் 1 வீட்டுக்கு வெளியே. லேப்டாப்பில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, அக்கா வீட்டு பீரோவிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என்றால் கணக்கு சரி. வெளியே எதற்கு என்று கேட்டால், 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே அறையில் இருந்தால், ஆல்பமும் கம்ப்யூட்டரும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தேதான் நனையும்.

இணையச் சேமிப்பிலும் ஒரு கவனம் தேவை. போனோடு தானாக இணைந்து இயங்கும் சேவைகளில், போனில் அழித்தால் அங்கேயும் அழிந்துவிடக்கூடும். அதை மட்டுமே நம்ப வேண்டாம். கார்டில் தவறுதலாகப் படத்தை அழித்துவிட்டால், அந்தக் கார்டில் அடுத்த கிளிக்கைச் செய்யாதீர்கள். மேலே எதுவும் எழுதப்படாதவரை, மீட்பு சாஃப்ட்வேர் மூலம் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு.

லென்ஸுக்கு எதிரி ஈரம். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் பையிலேயே மாதக்கணக்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவிகிதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, கேமராவை அடிக்கடி வெளியே எடுப்பது.

கடைக்குப் போகும் நாளில்...

கையில் இருக்கும் தொகையைக் கடையில் சொல்வதற்கு முன் நீங்களே பிரித்துவிடுங்கள். முதலில் ஒரு ஹார்டு டிஸ்க், நல்ல கார்டு இரண்டு, கூடுதல் பேட்டரி, காற்றுப்புகாத டப்பா ஆகியவற்றுக்கு எடுத்து வையுங்கள். அடுத்து, உங்கள் தேவைக்கு ஏற்ற ஒரு லென்ஸ். மிச்சத்தில் வரும் பாடியை வாங்குங்கள். அது போன வருட மாடலாக இருந்தாலும் பரவாயில்லை. இந்திய வாரன்டி இருக்கிறதா என்று பில்லில் பார்த்துவிட்டு, கையில் பிடித்துப் பாருங்கள். ஒருமணி நேரம் கழுத்தில் தொங்கவிட முடியாத எடை என்றால், அந்தக் கேமரா உங்களோடு வெளியே வராது.

வீட்டுக்கு வந்து கேமராவை ஆன் செய்ததும் தேதியும் நேரமும் கேட்கும். ஆர்வத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்தத் தேதி பதிவாகிறது. படங்களை மாற்றும்போது '2025-01-14 பொங்கல், தாத்தா வீடு' என்பதுபோல ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள். வருடக் கடைசியில் எல்லாப் படங்களையும் ஒருமுறை பார்த்து, மிகப் பிடித்த 50 படங்களை பிரின்ட் போட்டு, பின்பக்கம் யார் யார் என்று பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள். பாட்டியின் பழைய ஆல்பத்தில் பெயர் தெரியாத முகங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு, இதன் அருமை தெரியும்.